ஒரு பையா, இரண்டு பையா

ஏப்ரல் 26, ஞாயிறு

நீஸுக்குப் போகப் போகிறேன்.

எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. இன்னொரு தடவை எழுதுகிறேன். காரைக்காலில் பிறந்து, பாரிஸுக்கு வடக்கே சார்செலில் முப்பது வருடமாகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் தமயந்தியாகிய நான், ஐம்பத்து மூன்றாவது வயதில் நீஸுக்குப் போகப் போகிறேன். மத்தியதரைக் கடலோரம். தெருவிலேயே பனைமரம் மாதிரி மரங்கள் நிற்குமாம்.

இதில் துள்ளிக் குதிக்க ஒன்றும் இல்லை. மே பதினான்கு வியாழன் விடுமுறை. மறுநாள் நான் சமைக்கும் பள்ளிக்கூடக் கேன்டீனும் மூடல். சனி ஞாயிறைச் சேர்த்தால் நான்கு நாள். கடலைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது, போகிறேன். சவரிராசன் முசேவும் அதே நாட்களில் அதே ரயிலில் அதே ஊருக்கு வருகிறார். அவ்வளவுதான்.

முசே யார் என்று பிற்காலத்தில் இதைப் படிக்கும் நானே மறந்துவிடலாம் என்பதால் எழுதி வைக்கிறேன். (மறக்க மாட்டேன்.) காலையில் ஆறு பத்துக்கு நான் ஏறும் பஸ்ஸின் ஓட்டுநர். புதுச்சேரிக்காரர். அந்த ஊர் வழக்கப்படி நான் அவரை முசே என்கிறேன், அவர் என்னை மதாம் என்கிறார். அவர் மனைவி ஆக்னஸ் இறந்து ஆறு வருடம். என் வீட்டுக்காரர் போய் ஒன்பது. முதல் நிறுத்தத்தில் நான் ஒருத்திதான் ஏறுவேன். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று அவர் தலைக்கு மேலேயே பலகை தொங்குகிறது. இரண்டு வருடத்தில் அதை நாங்கள் மதித்த நாள் கிடையாது.

வெள்ளிக்கிழமை சிவப்பு விளக்கில் நிற்கும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தார்.

“மதாம், நீஸ்ல கடலு ரொம்ப நீலமா இருக்குதாம்.”

“இருக்கட்டுமே முசே.”

“போய்ப் பாக்கலாம்னு ரெண்டு டிக்கெட்டு எடுத்துட்டேன். ஒன்னு மிஞ்சுது.”

“ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு எடுத்தீங்க?”

“அதான் எனக்கும் புரியல.”

விளக்கு பச்சையாகிவிட்டது. இரண்டு நாள் யோசித்து, டிக்கெட் வீணாகிறதே என்ற ஒரே காரணத்துக்காக இன்று போன் செய்து சரி என்றேன். அறை இரண்டு, தனித்தனி. அடிக்கோடு போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மாறன் போன் செய்தான். என் ஒரே பிள்ளை. மனைவி பவானி, இரண்டு வயது மகள் யாழினியோடு பாரிஸுக்குத் தெற்கே வித்ரியில் இருக்கிறான். ஜூலையில் வேலை மேற்கே நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நாந்து நகரத்துக்கு மாறுகிறதாம்.

“நீயும் எங்களோட வந்துடும்மா. உனக்குன்னு தனி ரூம் பாத்துட்டேன். யாழினிய நீ பாத்துக்கிட்டா பவானியும் வேலைக்குப் போவா. உன் வீட்ட காலி பண்றதுக்கு நோட்டீஸ் குடுக்கணும், அதனால அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லு.”

சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவன் அப்பா போனதிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட என்னைத் தனியாகச் சாப்பிட விடாத பிள்ளை. அவனிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

“இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?”

ஒன்றும் இல்லைதான். நாந்திலும் பஸ் ஓடும். யார் ஓட்டுவார்கள் என்பதுதான் தெரியாது.

விடுமுறைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டான். கனகாவோடு கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் சிநேகிதி கனகா மூன்று மாத லீவில் கும்பகோணத்தில் இருக்கிறாள். அது அவனுக்குத் தெரியாது.

மே 1, வெள்ளி

தொழிலாளர் தினம், பஸ் இல்லை. சந்தைக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் முசேவும் நானும் பயணத்தைத் திட்டமிட உட்கார்ந்தோம். இந்த நாட்டில் மே ஒன்றாம் தேதி, மணி மணியாகத் தொங்கும் வெள்ளைப் பூங்கொத்தை எல்லாரும் எல்லாருக்கும் கொடுப்பார்கள். வெறும் வழக்கம்தான். முசே கையிலும் ஒரு கொத்து இருந்தது. ஒன்றே ஒன்று. எனக்குக் கொடுத்தார். இப்போது பல் துலக்கும் டம்ளரில் இருக்கிறது, பிரஷ் வெளியே கிடக்கிறது.

பிறகு ஒரு தாளை விரித்தார். நான் மிரண்டே போய்விட்டேன். மனிதர் இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர், பஸ் டிப்போவில் கொடுக்கும் டிரிப் ஷீட் மாதிரியே நீஸுக்கும் ஒன்று போட்டிருக்கிறார். கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்து.

07.40 அறைக் கதவு. 07.42 காப்பி. 07.49 காப்பி முடிவு. 08.05 பழைய ஊர்ச் சந்தை. 09.10 குன்று ஏறுதல். 09.35 குன்றின் மேல் மூச்சு வாங்குதல். 12.05 சாப்பாடு. 12.40 சாப்பாடு முடிவு.

“ஏழு நிமிஷத்துல காப்பி குடிக்க நான் என்ன எஞ்சினா முசே?”

“ரெண்டு நிமிஷம் சேத்துக்கலாம் மதாம். ஆனா சந்தைல ரெண்டு நிமிஷம் போயிரும்.”

“இதுல சும்மா இருக்கற நேரம் எங்க?”

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மா. கடலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறது. எந்திரிக்கணும்னு தோணும்போது எந்திரிக்கறது.”

அவருக்கு அப்படி ஒரு பொருள் இருப்பதே தெரியாது போலிருக்கிறது. நெற்றியைச் சுருக்கி, ரப்பரால் எதையோ அழித்து, 16.00 முதல் 16.20 வரை ‘சும்மா’ என்று எழுதினார். நான் பென்சிலைப் பிடுங்கி அந்த 20-ஐ அடித்துவிட்டு எதுவும் எழுதாமல் விட்டேன். வெற்றுக் கட்டத்தைப் பார்த்து முசேவுக்கு வேர்த்துவிட்டது.

வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மே 3, ஞாயிறு

நீச்சல் உடை வாங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது.

மே 4, திங்கள்

நீச்சல் உடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மே 5, செவ்வாய்

மறுபடி வாங்கினேன். கடைப் பெண் ஒன்றும் கேட்கவில்லை, தங்கமான பெண்.

மே 7, வியாழன்

தலையில் இடி. தினக்காலண்டரில் தாளைக் கிழித்தேன், அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது: வியாழன், சூலம் தெற்கு. நீஸ் எங்கே இருக்கிறது? தெற்கே. என்றைக்குப் போகிறோம்? வியாழக்கிழமை. சூலம் இருக்கும் திசையில் கிளம்பினால் போன காரியம் உருப்படாது என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். டிக்கெட்டையும் மாற்ற முடியாது.

முசேவுக்குப் போன் செய்தேன். அவர் மாதா கோவில் போகிறவர், ஆனாலும் புதுச்சேரியில் வளர்ந்தவர், சூலம் தெரியாமல் இருக்குமா? சிரிக்கிறார்.

“நான் ஒரு நாளைக்குப் பத்து நடை தெக்கேயும் வடக்கேயும் ஓட்டறேன் மதாம். வியாழக்கெழமையும்தான் ஓட்டறேன்.”

“அதான் போன மாசம் டயர் வெடிச்சுது.”

சிரிப்பு நின்றது. “அது வியாழக்கெழமதான்” என்றார் மெதுவாக.

பரிகாரம் இருக்கிறது. பரஸ்தானம். ஆகாத நாளில் பயணம் போக நேர்ந்தால், முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து நம் பையைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பை கிளம்பினால் நாம் கிளம்பிய மாதிரி. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கொழும்புக்குப் போனவர்கள்கூட இப்படித்தான் போனார்கள். முசே சம்மதித்துவிட்டார். டயர் வேலை செய்கிறது.

மே 8, வெள்ளி

என்னைப் போல ஒரு மக்கு உண்டா?

சார்செல் மகளிர் வாட்ஸப் குழுவில் அறுபத்தோரு பேர் இருக்கிறோம். அதில் சாஸ்திரம் எல்லாம் தெரிந்தவர் காரைக்கால் ஞானாம்பாள் அக்கா. சந்தேகம் கேட்கலாமே என்று காலையில் நானே என் கையால் எழுதினேன்:

“வியாழக்கிழமை தெற்கே பயணம். புதன்கிழமை பரஸ்தானம் வைக்கணும். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பை போதுமா, தனித்தனியா ரெண்டு பை வைக்கணுமா?”

அனுப்பிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. ஒன்பது வருடமாக ஒண்டியாக இருக்கிறவள் நான். ரெண்டு பேர் யார்? அழிப்பதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் யாரும் யார் என்று கேட்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். எல்லாரும் ரொம்ப அக்கறையாகச் சாஸ்திரம் பேசினார்கள். நல்ல நேரத்தை இந்திய மணிக்குப் பார்ப்பதா, பிரெஞ்சு மணிக்குப் பார்ப்பதா என்று ஒரு மணி நேரம் சண்டை. பிரெஞ்சு மணிதான் என்று முடிவாகி, மாலை நாலே முக்காலிலிருந்து ஐந்தே முக்கால் என்று குறித்துக் கொடுத்தார்கள். கடைசியில் ஞானாம்பாள் அக்கா எழுதினார்:

“ஒரே குடும்பம்னா ஒரு பை போதும். வேற வேற குடும்பம்னா அவங்கவங்க பைய அவங்கவங்க வைக்கணும். எதுன்னு நீதான் சொல்லணும் தமயந்தி.”

பின்னாலேயே ஒரு கும்பிடு.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டைப் பெருக்கினேன். ஏற்கெனவே பெருக்கிய வீடு.

மே 10, ஞாயிறு

பதில் எழுதவில்லை. மாறன் வீட்டில் சாப்பாடு. நாந்து வீட்டின் போட்டோக்களைக் காட்டினான். என் அறை ஜன்னலில் பச்சைத் திரை போட்டு வைக்கச் சொல்லிவிட்டானாம். எனக்குப் பிடித்த நிறம். பவானி ஊற்றிய சாம்பாரில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

மே 11, திங்கள்

கேட்டுவிட்டேன்.

ஆறு பத்து, பஸ்ஸில் நாங்கள் இருவர்தான். ஏறியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொன்னேன்.

“முசே, பரஸ்தானத்துல ஒரு சிக்கல். ஒரே குடும்பம்னா ஒரு பை வைக்கணுமாம். வேற வேறன்னா ரெண்டாம். எத்தன வைக்கறதுன்னு புதன்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும்.”

அவர் சாலையைப் பார்த்தார். இரண்டாவது நிறுத்தம் வந்தது. பால்காரியைப் போல நேரம் தவறாமல் அங்கே நிற்கும் நர்ஸ் பெண் கையை நீட்டினாள். முசே நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நிறுத்தத்தைக்கூட விட்டதில்லை என்று எத்தனை தடவை என்னிடம் பீற்றியிருக்கிறார்! அந்தப் பெண் பஸ்ஸின் பின்னால் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தது.

“முசே, ஸ்டாப்பு!”

பிரேக் போட்டார். கதவு திறந்தது. அவள் மூச்சு வாங்க வந்து ஏறுவதற்குள் அவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் சிவந்து கிடந்தது.

“ஒரு பை போதும் தமயந்தி.”

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் பெயர். நர்ஸ் பெண் எங்கள் இருவரையும் பார்த்தாள், திட்ட வந்தவள் அப்படியே போய் உட்கார்ந்துவிட்டாள்.

இன்றைக்குக் கேன்டீனில் இருநூறு பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கு மசியலில் உப்பே போடவில்லை. மதியம் இடைவேளையில் முசே போன் செய்தார்: “அறை ரெண்டே இருக்கட்டும். பை ஒன்னாயிடுச்சு, இப்போதைக்கு எனக்கு அதுவே போதும்.” எனக்குச் சந்தோஷம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

மே 12, செவ்வாய்

ஞானாம்பாள் அக்கா நேராகப் போனிலேயே பிடித்துவிட்டார்.

“என்னாடி, எத்தன?”

“ஒன்னுக்கா.”

“ஒன்னா? ம்” என்றார். “நல்லா இரு. ஆனா ஒன்னு, போற தெசையில இருக்கற வீட்டுலதான் வைக்கணும். உனக்குத் தெக்கே நம்ம ஆளு யாரு இருக்கா? உன் மவன்தான். அங்கதான் வைக்கணும். வச்சப்புறம் நடுவுல திருப்பி எடுத்தீன்னா பயணம் கெட்டுரும், சொல்லிட்டேன்.”

மாறன் வீட்டில். முசேவின் சட்டையோடு. சூலமே தேவலாம்.

சாயங்காலம் முசே தன் துணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். சட்டை நான்கு, பேன்ட் இரண்டு, தோல் ஷூ ஒரு ஜோடி. சட்டையை மடித்திருக்கும் அழகைப் பார்த்தால் கோவிலில் விபூதி மடித்த மாதிரி இருக்கிறது. என் சிவப்புச் சூட்கேஸில் ஒரு பாதியில் அவருடையது, ஒரு பாதியில் என்னுடையது. நீச்சல் உடையைத் துண்டில் சுருட்டி அடியில் தள்ளினேன்.

வித்ரி போய்த் திரும்பி ஸ்டேஷனுக்கு வந்தால் முப்பத்தெட்டு நிமிடம் கூடுதல் என்று கணக்குப் போட்டார். “டிரிப் ஷீட்டுல இல்லாத ஸ்டாப்பு” என்றார். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “அவங்கிட்ட சொல்லாம எங்கயும் போவ வேணாம். சொல்லிட்டு வா. அவன் வேணாம்னா நீஸ் எங்கயும் ஓடிறாது” என்றார்.

மே 13, புதன்

நாலே முக்காலுக்கு வித்ரியில் மணி அடித்தேன். மாறன்தான் கதவைத் திறந்தான். சூட்கேஸை வாங்கி உள்ளே வைத்தான்.

“என்னம்மா இவ்ளோ கனம்? கனகா ஆன்ட்டியோடதும் நீதான் தூக்கறியா?”

“கனகா கும்பகோணத்துல இருக்கா.”

சிரித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். சமையலறையிலிருந்து பவானி எட்டிப் பார்த்தாள். இதற்கு மேல் இழுத்தால் நல்ல நேரமும் போய்விடும், என் தைரியமும் போய்விடும்.

“உள்ள இருக்கறது சட்டை நாலு, பேன்ட் ரெண்டு, ஷூ ஒரு ஜோடி. சவரிராசன்னு, நான் போற பஸ்ஸ ஓட்டறவரு. அவரோடது. மீதி என்னோடது.”

“எவ்ளோ நாளா?”

“ரெண்டு வருஷமா. பஸ்ல மட்டும்தான்.”

“பஸ்ல மட்டும்னா?”

“ஆறு பத்துலேர்ந்து ஆறு முப்பத்தஞ்சு வரைக்கும்.”

அவன் சிரிப்பான் என்று ஒரு நொடி நினைத்தேன். சிரிக்கவில்லை. “அப்ப நாந்து?” என்றான்.

“நான் வரலப்பா.”

இதைச் சொல்லத்தான் போகிறேன் என்று அந்த நிமிடம் வரைக்கும் எனக்கே தெரியாது. அவன் முகம் ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது. யாழினியைத் தூக்கிக்கொண்டு, “பார்க்குக்குப் போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டான். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

சோபாவில் உட்கார்ந்து அழுதேன். பெற்ற பிள்ளையை வாட வைத்துவிட்டுக் கடல் பார்க்கிற வயதா இது? எழுந்து சூட்கேஸின் கைப்பிடியைப் பிடித்தேன், எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விடலாம் என்று. பவானி வந்து அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

“வச்ச பைய எடுக்கக் கூடாது அத்தை. பயணம் கெட்டுரும்.”

“உனக்கு யாரு சொன்னா?”

“நானும் அந்தக் குரூப்புலதானே இருக்கேன், நீங்கதானே சேத்து விட்டீங்க. வெள்ளிக்கிழமையே படிச்சுட்டேன். அவர்ட்ட சொல்லல. நீங்கதான் சொல்லணும்னு பேசாம இருந்தேன்.”

ஐந்து நாளாக இந்தப் பெண் வாயைத் திறக்காமல் எனக்குச் சாம்பார் ஊற்றியிருக்கிறாள்! அவளைக் கட்டிக்கொண்டேன். மாறன் ஏழு மணி வரை வரவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். நாளை காலையில் அந்தக் கதவைத் திறப்பானா, தெரியாது. முசேவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “எட்டு அஞ்சுக்கு அங்க இருப்போம்” என்றார்.

மே 14, வியாழன். ரயிலில்

எழுத எழுத எழுத்து ஆடுகிறது. ரயில் ஆடுகிறதா, நான் ஆடுகிறேனா தெரியவில்லை.

எட்டு நான்குக்கே மாறன் வீட்டு வாசலில் நின்றோம். முசே கோட்டு போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்து வந்திருந்தார். வியாழக்கிழமைச் சூலத்துக்குத் தைலம் பரிகாரம் என்று அவரே எங்கேயோ படித்திருக்கிறார். ஒரு நிமிடம் முன்னால் வந்துவிட்டோமே என்று மணி அடிக்க விடவில்லை. சரியாக எட்டு ஐந்துக்கு அடித்தார்.

மாறன் சூட்கேஸோடு வெளியே வந்தான். இரவு தூங்கியிருக்கவில்லை, கண் சொன்னது. முசே கையை நீட்டினார். அவன் பெட்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கை கொடுத்தான்.

“பொஞ்சூர்” என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னான்.

“பொஞ்சூர் முசே” என்றார் முசே, டிக்கெட் பரிசோதகரிடம் சொல்கிற மாதிரி.

“நான் ஸ்டேஷன்ல விடறேன். கார் கீழ இருக்கு.”

மாறனின் காரை அவனைத் தவிர யாரும் தொடக் கூடாது. பவானிக்கே சாவி கொடுக்க மாட்டான். நான் பின்னால் ஏறினேன். முசேவை முன் சீட்டில் உட்காரச் சொன்னான். அது நான் எப்போதும் உட்காரும் இடம். முதல் திருப்பத்தில் முசேவின் வலது கால் தரையை அழுத்தியது, பிரேக் இருக்கும் நினைப்பில். அடுத்த திருப்பத்திலும் அழுத்தியது. மூன்றாவது திருப்பத்தில் கையால் கதவையும் பிடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வெளியே வந்துவிட்டது. பிறகு நிறுத்த முடியவில்லை. பயத்திலும் தூக்கமின்மையிலும் கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே இருக்கிறேன், கண்ணில் தண்ணீர்.

மாறன் கண்ணாடியில் என்னையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு காரை ஓரமாக நிறுத்தினான். தீர்ந்தது, இறங்கச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

“நீங்களே ஓட்டுங்க” என்று சாவியை முசேவிடம் நீட்டினான்.

இறங்கி வந்து பின் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். முசே சீட்டைச் சரி செய்தார், மூன்று கண்ணாடிகளையும் சரி செய்தார், கோட்டுப் பொத்தானைப் போட்டார், எடுத்தார். வண்டி பால் மேல் ஆடை நகர்கிற மாதிரி நகர்ந்தது.

“யாழினிய பகல்ல பாத்துக்க நாந்துல ஒரு க்ரெஷ் பவானி பாத்து வச்சிருக்கா” என்றான் மாறன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. “நான்தான் நீ வரணும்னு புடிவாதமா இருந்தேன். நீ இங்க தனியா இருக்கியேன்னு.”

“தெரியும்பா.”

“எனக்குக் கோவம்தாம்மா. இன்னும் இருக்கு.”

“இருக்கட்டும்.”

“நீ இப்படிச் சிரிச்சு ஒம்பது வருஷமாச்சு.” சொல்லிவிட்டு, இருபத்தேழு வயதுப் பிள்ளை, ஆறடி ஆள், குனிந்து என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது முசே என்ன செய்தார் தெரியுமா? விடுமுறை நாள், ரோட்டில் ஈ காக்கை இல்லை. வழியில் ஒரு பஸ் ஸ்டாப் வந்தது. மனிதர் பழக்கதோஷத்தில் சிக்னல் போட்டு, மெதுவாக ஒதுக்கி, அந்த வெறும் ஸ்டாப்பில் காரைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்தார், பின்கழுத்து சிவந்துகொண்டே போனது.

மாறன் தலையை எடுக்கவில்லை. என் தோளில் சாய்ந்தபடியே சொன்னான்:

“எல்லாரும் ஏறியாச்சுங்க. நீங்க வண்டிய எடுங்க.”